துணைக்கு நிற்கும் ஒருவர்: திருகோணமலையில் முதுமையும் சொந்த வீடும்

திருகோணமலை நகரில் உவர்மலையிலோ பாலையூற்றிலோ ஓர் ஒழுங்கைக்குள் நடந்தால், பெரிய வளவும் பூட்டிய அறைகளுமாக இருக்கும் வீடுகளில் ஒருவரோ இருவரோ மட்டும் வாழ்வது தெரியும். பிள்ளைகள் கனடாவில், லண்டனில், கொழும்பில். மூதூரிலும் கிண்ணியாவிலும் கதை வேறு: மகள் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போயிருப்பாள்; பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு உம்மம்மாவின் தலையில் விழுந்திருக்கும். சம்பூர்ப் பக்கம் 2006இல் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்து ஊர் திரும்பிய குடும்பங்களில், போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. எந்த வீடாக இருந்தாலும் ஒருநாள் அந்தச் செய்தி வரும். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். அல்லது அப்பா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய்ப் படுத்துவிட்டார். உடனே குடும்பத்துக்குள் பேச்சுத் தொடங்கும்: "இனித் தனிய விடேலாது."

அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு முடிவுகளுக்குள்ளேயே சுழலும். ஒன்று, தங்களோடு கூட்டிக்கொண்டு போவது. மற்றது, முதியோர் இல்லம். இரண்டும் சிலருக்குப் பொருந்தும். ஆனால் நாற்பது ஐம்பது வருடம் ஒரே வளவில் வாழ்ந்து, பத்திரகாளி அம்மன் கோயில் மணியோடோ பள்ளிவாசல் பாங்கோடோ நாளைத் தொடங்கிப் பழகியவருக்கு அந்த இடமே பாதிப் பலம். இருட்டிலும் மின்விளக்கின் ஆளி எங்கே என்று கைக்குத் தெரியும். எந்தப் படி உயரம், எந்தக் கதவு இறுக்கம் என்று காலுக்குத் தெரியும். மூலைக் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். டொரொண்டோவில் பத்தாம் மாடிக்குப் போனதும் இவ்வளவும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. அதனால் மூன்றாவது வழியைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: வீட்டிலேயே இருக்கவிட்டு, துணைக்கு ஒருவரை ஏற்பாடு செய்வது.

துணைக்கு நிற்பவர் தாதி அல்லர். ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது அவருடைய வேலை இல்லை. வீட்டு வேலைக்கு வைத்த ஆளும் அல்லர். வீடு கூட்டி, சமைத்து வைத்துவிட்டுப் போனால் அவருடைய வேலை முடிந்துவிடாது. முதியவர் தன் நாளைத் தானே நடத்துவதற்கு எங்கெங்கே ஒரு கை குறைகிறதோ அங்கே மட்டும் கை கொடுப்பவர் அவர். சேர்ந்து சந்தைக்குப் போவார், மருந்து நேரத்தை நினைவூட்டுவார், கிளினிக்குக்குக் கூடப் போவார், கதைத்துக்கொண்டிருப்பார். சிலருக்கு வாரத்தில் மூன்று காலை போதும். சிலருக்கு இரவுத் துணை மட்டும் வேண்டும். முழுநாளும் கூடவே தங்குபவர் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

எந்த அளவுக்குத் தேவை என்பதை எப்படிக் கணிப்பது? முதியோர் மருத்துவம் இதற்கு இரண்டு பட்டியல்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் வெளியிட்டதில் ஆறு செயல்கள் உள்ளன: குளித்தல், உடுத்தல், மலசலகூடத்துக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து கதிரைக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், தானே உண்ணுதல். 1969இல் லோட்டன், புரோடி என்ற இருவர் இன்னொரு பட்டியலைத் தந்தார்கள். அதில் எட்டு: தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குப் போதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்தைச் சரியாக எடுத்தல், பணத்தைக் கையாளுதல். பெரும்பாலோரிடம் முதலில் தளர்வது இந்த இரண்டாவது பட்டியல்தான். தானாகக் குளித்து உடுத்திச் சாப்பிடக்கூடிய ஒருவர், பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியாமல் திணறுவார். துணைப் பராமரிப்பு நன்றாக வேலை செய்வது அந்த இடத்தில். முதற் பட்டியலே தளர்ந்துவிட்டவருக்குப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் வேண்டும். அது வேறு வேலை, வேறு சம்பளம், வேறு பொறுப்பு.

ஒரு தாளில் இந்த எட்டையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "தானே செய்வார்", "கூட ஒருவர் நின்றால் செய்வார்", "செய்யமாட்டார்" என்று குறித்துப் பாருங்கள். முதியவரோடு இருந்தே குறிக்க வேண்டும். நம் ஊர்க் குடும்பங்களில் இந்தத் தாள் ஆணுக்கும் பெண்ணுக்கும் முற்றிலும் வேறாக வரும். கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் ஓய்வூதியக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் சொல்வார். மனைவி போன பிறகு பாணும் பிஸ்கட்டும் தேத்தண்ணியுமாக நாளைக் கழிப்பார், ஏனென்றால் குசினிக்குள் அவர் நின்றதே இல்லை. அவருடைய மெலிவுக்குக் காரணம் நோயாக இல்லாமல் இருக்கலாம். பருப்புக் கறி வைக்கத் தெரியாததாக இருக்கலாம். இன்னொரு வீட்டில் அம்மா எழுபத்தைந்து வயதிலும் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, நாலு பேருக்குப் போடுவார்; கணவர் இருந்தவரை வங்கிப் படி ஏறியிராதவர், சேமிப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்கவே பயப்படுவார். முதலாமவருக்குத் தேவை, பக்கத்தில் நின்று இரண்டு மூன்று எளிய சமையலைப் பழக்கிவிடும் ஒருவர். இரண்டாமவருக்குத் தேவை, வங்கிக்குக் கூடப் போய், படிவத்தை அவரையே நிரப்பவைத்து, பொறுமையாக நிற்கும் ஒருவர். இருவருக்கும் ஒரே மாதிரி "ஆள்" பிடித்துக் கொடுத்தால் இருவருக்குமே பயன் இல்லை.

இந்த வேலையில் மிகக் கடினமானது, செய்யாமல் நிற்பது. எழுபத்தெட்டு வயது அம்மா சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிடம் எடுப்பார். துணையாள் போட்டுவிட்டால் பத்து விநாடி. அன்பில்தான் போட்டுவிடுகிறோம். ஆனால் நாளுக்கு இருபது தடவை அப்படி நடந்தால் விரல்கள் அந்த வேலையை விட்டுவிடும். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்" என்பது மரியாதையான பேச்சு. அதையே ஒரு வருடம் கேட்டால் கால் பலவீனப்படும். உடல் எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதற்கு 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சாட்சி. நோயில்லாத முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோயிற்று. காய்ச்சலுக்குப் படுத்து எழும்பும் முதியவர் ஏன் முன்போல நடப்பதில்லை என்று குடும்பங்கள் குழம்புவதற்கு விடை இதில் இருக்கிறது.

டென்மார்க்கில் பிரெடெரிசியா என்ற நகராட்சி 2008இல் இதைத் தலைகீழாக யோசித்தது. வீட்டு உதவி கேட்டு வரும் முதியவருக்கு உடனே ஆள் அனுப்பாமல், முதலில் சில வாரங்கள் அந்த வேலையைத் தானே செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். 2015இல் அந்த அணுகுமுறை நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. அங்கே பராமரிப்பாளருக்குச் சொல்லிக்கொடுப்பது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய் என்பது. நமக்கு டென்மார்க்கின் காசு இல்லை. ஆனால் கையைப் பின்னால் கட்டுவதற்குக் காசு தேவையில்லை. காய் நறுக்குவதை அம்மாவிடம் விட்டு, பானை இறக்குவதை மட்டும் துணையாள் எடுத்துக்கொள்ளலாம். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டு, பூக்கன்றுக்கு ஊற்றுவதை அப்பாவிடம் விடலாம். துணி துவைப்பது ஒருவர், மடிப்பது மற்றவர்.

இனி கிளினிக் நாள். திருகோணமலை மாவட்டத்தில் பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள முதியவர்களுக்கு மாதத்தின் அச்சாணி அந்த நாள்தான். துணையாளின் பயனை ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் அன்று பார்க்கலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு துறையில் வள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. ஆனாலும் விசேட வைத்தியரைப் பார்க்கப் பலர் நகரத்துக்கே வருகிறார்கள். விடியமுன் எழும்ப வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதானால் இரவே சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலக்கம் எடுத்து, வரிசையில் இருந்து, வைத்தியரிடம் இரண்டு மூன்று நிமிடம், பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. தனியே வந்த முதியவர் அந்த மூன்று நிமிடத்தில் சொல்ல வந்ததையே மறந்துவிடுவார். தலைசுற்றுவதைச் சொல்லமாட்டார். வைத்தியர் ஒரு குளிசையைப் பாதியாக்கச் சொன்னது காதில் விழுந்திருக்காது.

துணையாள் என்ன செய்யவேண்டும்? முதல் நாள் இரவு இருவரும் இருந்து, வைத்தியரிடம் கேட்க வேண்டியதை மூன்று வரியில் எழுதுவது. கிளினிக் கொப்பியையும் மிஞ்சியிருக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போடுவது. மிஞ்சிய குளிசையின் எண்ணிக்கையே வைத்தியருக்குப் பெரிய செய்தி. சோதனை முடிந்ததும் சாப்பிட ஏதாவது கையில் வைத்திருப்பது. வைத்தியருக்கு முன்னால் முதியவரே கதைக்க வேண்டும். விட்டுப்போனதை மட்டும் துணையாள் எடுத்துக் கொடுக்கலாம். அறிவுறுத்தலைத் தமிழில், பெரிய எழுத்தில், வீட்டுக்கு வந்த உடனே எழுதி அலுமாரிக் கதவில் ஒட்ட வேண்டும். கொப்பியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் அங்கேயே கேட்டுத் தெளிந்துவிட வேண்டும். அடுத்த தேதியைக் கலண்டரில் வட்டமிட வேண்டும். பழைய குளிசையும் புதியதும் ஒரே டப்பாவில் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். இவ்வளவும் எழுத வாசிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள எவராலும் முடிகிற காரியங்கள். இவை நடக்காமல் போவதால்தான் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய பிரஷர் ஒருநாள் பாரிசவாதமாக முடிகிறது.

முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சீனிக் குளிசை எடுப்பவர் நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் எந்த மருந்து எந்த நேரம்? மூத்தவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில். துணையாள் நினைவூட்டி, கேட்கவைக்க வேண்டும்.

கதைக்க ஆள் இருப்பது மருந்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் சொல்கிறது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதிநோய்க்கு வழிவிடும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் சமூகத் தனிமையும் உண்டு, கேள்திறன் குறைவும் உண்டு. நம் வீடுகளில் இவை இரண்டும் கைகோத்தே வரும். காது மந்தமானவரோடு கதைப்பது சிரமம் என்று வீட்டார் கதையைக் குறைப்பார்கள். கதை குறைய அவர் திண்ணையில் ஒதுங்குவார். "அப்பப்பாவுக்கு இப்ப ஒண்டும் விளங்கிறேல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். முகத்துக்கு நேரே இருந்து, சத்தம் போடாமல் நிதானமாகக் கதைக்கும் ஒருவர் கிடைத்தால் அந்த முடிவு பல நேரம் பொய்யாகும். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஒருதடவை வைத்தியரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

ஆனால் துணையாள் ஒருவரே முழுத் துணையாகிவிடக் கூடாது. நல்ல துணையாள் வெளியுலகத்துக்கு வழி திறப்பார். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போக ஆசைப்படும் அம்மாவை, கோட்டை வாசலால் ஓட்டோவில் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே இருந்து ஆறலாம் என்று முன்கூட்டியே விசாரித்துக் கூட்டிப்போவார். நிலாவெளியில் இருக்கும் பழைய சிநேகிதியோடு தொலைபேசியில் கதைக்க வைப்பார். பின்னேரம் உட்துறைமுக வீதிக் கரையில் காற்று வாங்கப் போகலாம். கிராம மட்டத்தில் இயங்கும் முதியோர் சங்கக் கூட்டத்துக்குப் போய்வரலாம். பேரப்பிள்ளையோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்பது நல்லதுதான். ஆனால் திரையில் வரும் முகம், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கக் கூடிய முகம் இல்லை; முதியவருக்கு யாருக்காவது தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும்போல் இருக்கும்.

விழுகைதான் வீட்டில் பெரிய ஆபத்து. விழுந்து இறப்பவர்கள் உலகெங்கும் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்று உலக சுகாதார அமைப்பு கணித்திருக்கிறது. அவர்களுள் மிகுதியானோர் அறுபது தாண்டியவர்கள். நம் மாவட்டத்து வீட்டில் விழும் இடங்கள் தெரிந்தவையே. பாசி பிடித்த கிணற்றடி. வளவின் பின்னால் தள்ளியிருக்கும் மலசலகூடம், அதற்குப் போகும் இருட்டுப் பாதை. குந்தியிருந்து எழும்ப முடியாத கழிப்பறை. வழுக்கும் ரைல்ஸ். கால் தடுக்கும் சாக்கு மிதியடி. நீளமான சாறம். வாடைக்கால மழை தொடங்குமுன் கிணற்றடியைப் பிறஷ் போட்டுத் தேய்ப்பது, சுவரில் பிடிகம்பி பொருத்துவது, இரவுக்கு ஒரு சின்ன விளக்கு, கட்டிலருகே பொல்லு, கழிப்பறைக்கு மேலே வைக்கும் கதிரை: பெரும்பாலானவை ஒரு கொத்தனாரின் ஒருநாள் வேலை. ஆளைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு கவனம் வேண்டும். முதுமையில் தாகம் மங்கிவிடும். வெயிலில் உலர்ந்த உடல் திடீரென்று தலைசுற்றி விழும், அல்லது குழம்பிக் கதைக்கும். கேட்டால்தான் தண்ணீர் என்று இருக்கக் கூடாது. நேரம் வைத்து மோரோ இளநீரோ கொடுக்க வேண்டும். சிறுநீரகமோ இதயமோ பழுதுள்ளவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெங்கு பற்றி இந்த மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை ஒருவரும் மறக்கவில்லை. பூச்சாடித் தட்டையும் கைவிட்ட தொட்டியையும் வாரம் ஒருதடவை கவிழ்ப்பது முதியவரும் துணையாளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை.

தினமும் பார்ப்பவரின் கண்ணுக்குத்தான் மாற்றம் முதலில் தெரிய வேண்டும். காப்பு கையில் தளர்வது, செருப்பு காலில் இறுகுவது, ஒரே கறிக்கு இரண்டுதரம் உப்புப் போடுவது, வழமையாகப் போகும் ஒழுங்கையில் தடுமாறுவது: எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் தேதியோடு எழுதினால், மாதம் ஒருதடவை வெளிநாட்டிலிருந்து கேட்கும் மகனுக்கும் வைத்தியருக்கும் அது போதும். சீனிக் குளிசை எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, குழறினால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சீனித்தண்ணீர் கொடுக்க வேண்டும். முகம் ஒருபக்கம் கோணினால், கை ஒன்று தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு உடனே எடுக்க வேண்டும், அது இலவசம். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதற்கு அது நேரமில்லை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று ஆளை மறந்து கதைத்தால், "வயசாயிட்டுது" என்று விட்டுவிடக் கூடாது; சிறுநீர்க் கிருமித்தொற்று போன்ற, மருந்தால் மாறக்கூடிய காரணம் இருக்கக்கூடும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். துணையாள் வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை வைத்திருக்கக் கூடாது. அது அவருக்கும் பாதுகாப்பு. கடைச் செலவுக்கு வாரம் ஒரு தொகை, பற்றுச்சீட்டு, கொப்பியில் இரு கையொப்பம். காணி உறுதி, நகை இருக்கும் அலுமாரித் திறப்பு முதியவரிடமோ குடும்பத்திடமோ இருக்கட்டும். வீட்டை எவர் பெயருக்காவது நன்கொடையாக எழுதுவதானால், பிள்ளையின் பெயருக்கே ஆனாலும், தான் உயிரோடு இருக்கும்வரை அங்கே வாழும் சீவிய உரிமையை உறுதியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சட்டத்தரணியிடம் கேட்ட பிறகே கையொப்பமிட வேண்டும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

இதைவிடச் சிக்கலானது, யாருடைய சொல் கேட்பது என்பது. சம்பளம் மகளிடமிருந்து வருகிறது, வீடு அம்மாவினுடையது. மகள் லண்டனிலிருந்து, "அம்மாவைக் குசினிக்குள்ள விடாதேங்கோ" என்பாள். அம்மாவோ, "என்ர குசினிக்குள்ள போக நான் ஆரிட்டக் கேக்கோணும்?" என்பார். அம்மாவின் பக்கமே நான் நிற்பேன். தெளிந்த புத்தியுள்ளவர் தன் வீட்டில் எடுக்கும் சின்ன ஆபத்துகளுக்கு அவரே முடிவெடுப்பவர். அடுப்பைத் தடுப்பதற்குப் பதில், அடுப்பு வேளையில் துணையாள் பக்கத்தில் இருக்க ஏற்பாடு செய்யலாம். கமராவும் அப்படித்தான். முன்வாசலில் ஒன்று வைக்க அம்மா சம்மதிக்கலாம். கேட்காமல் படுக்கையறையில் வைப்பது பராமரிப்பு ஆகாது. புத்தி தெளிவாக இருந்தும் எல்லா முடிவும் கைமாறிப்போன முதியவர்கள், உடம்பால் நன்றாக இருக்கும்போதே ஒடுங்கிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2011இல் திருத்தப்பட்டது. பராமரிப்புத் தேவைப்படும் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக் கூடாது என்கிறது அது. தன்னைத் தானே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கேட்டு அந்தச் சட்டத்தின் கீழுள்ள சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோருக்கான தேசிய செயலகம் இதே சட்டத்தின் வழி வந்தது. அறுபது வயதானவர் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். எழுபது கடந்த, வருமானம் குறைந்தவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. நல்லதுதான், ஆனால் அந்தக் காசில் துணைக்கு ஒருவரை வைக்க முடியாது. அதனால்தான் ஒரே ஒழுங்கையில் உள்ள மூன்று வீடுகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வதை நான் வலியுறுத்துகிறேன்: இந்த வீட்டில் காலை, அடுத்ததில் நண்பகல், கிளினிக் நாளில் மூவருக்கும் ஒரே ஓட்டோ.

ஆளை எங்கே தேடுவது? பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். முதல் விசாரிப்பு அங்கே. தேசிய செயலகம் வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது. 1986இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா அமைப்பும் இத்துறையில் பழையது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில் பராமரிப்பாளர் பயிற்சியும் ஒரு பிரிவு. பயிற்சி பெற்றவர்களில் பலர் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போக நினைப்பதில் பிழையில்லை. அங்கே அந்த வேலைக்கு மதிப்பும் சம்பளமும் இருக்கின்றன. வளைகுடாவில் பிறர் வீட்டு மூத்தவர்களைப் பார்த்துவிட்டு மூதூருக்கும் தம்பலகாமத்துக்கும் திரும்பி வந்த பெண்களின் அனுபவம் நம் கண்முன்னே வீணாகிறது என்பதே எனக்கு வருத்தம். அவர்களிடம் கேளுங்கள். ஆளை அமர்த்துமுன் அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் சான்று, பொலிஸ் சான்றிதழ், முன்பு வேலை பார்த்த வீட்டாரின் வாய்மொழி, நாலும் வேண்டும். பிறகு ஒரு மாதம் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்க்கலாம். முதியவருக்கு மனம் ஒட்டாவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் மாவட்டம் இது. துணையாள் வேறு சமூகத்தவராகவும் இருக்கலாம். ஹலால் அடுப்பு, வெள்ளிக்கிழமை மரக்கறி, தொழுகை நேரம், பூசையறைப் பழக்கம் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

காசு குறைந்த இடத்திலும் இது நடக்கும் என்பதற்குப் பக்கத்து நாட்டில் சாட்சி உண்டு. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், அயலவர்களையே தொண்டர்களாகப் பயிற்றி வீடு வீடாக அனுப்பி, 2008இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" பிரஷர், சீனிக் குளிசைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. போகிறவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். இங்கும் 2020இல் கொரோனா முடக்கத்தின்போது தபாற்காரர் கிளினிக் மருந்தை வீட்டுப் படலையில் கொடுத்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். நம்மிடம் கிராமம் தோறும் முதியோர் சங்கம் இருக்கிறது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது, வேலை தேடும் இளையவர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரு மேசையில் இருத்த ஒரு பிரதேச செயலாளர் மனம் வைத்தால் போதும்.

கடைசியாக, துணையாளைப் பற்றி. அவரும் பெரும்பாலும் ஒரு வீட்டின் தாய். அவருக்கும் முதுகு நோகும். வேலை நேரத்தையும் சம்பள நாளையும் எழுதி இருவரிடமும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். வாரம் ஒருநாள் கட்டாய ஓய்வு. அந்த ஒருநாளில் யார் வருவார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: பக்கத்து வீட்டு மச்சாளா, அன்புவழிபுரத்தில் இருக்கும் பெறாமகளா, சங்கத்திலிருந்து ஒருவரா. அவர் வரும்போது கொப்பி மேசையில் திறந்திருக்கட்டும், மருந்துப் பட்டியல் அலுமாரிக் கதவில் இருக்கட்டும், அம்மாவுக்கு எந்தக் கதிரை பிடிக்கும் என்பது கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதியிருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எட்டு வரித் தாளை மறுபடியும் எடுத்து, அம்மாவோடு இருந்து, எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். சில வரிகள் கீழே போயிருக்கும். நல்ல துணை கிடைத்த வீட்டில் ஒன்றிரண்டு மேலேயும் வந்திருக்கும்.